எல்லா முகத்திலும் உன் கையெழுத்து

நரம்பியல் வார்டு, ஆறாவது மாடி,
பூந்தமல்லி நெடுஞ்சாலை
3.7.2024

கிருபாகரன் அவர்களுக்கு,

உங்களோடு பேசமாட்டேன் என்று மூன்று வருடத்துக்கு முன்பு சொன்னதில் மாற்றம் எதுவும் இல்லை. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்த 'அவர்களுக்கு', 'உங்களோடு' எல்லாம் இதற்கு மேல் எனக்கு வராது, நீ என்றே எழுதப்போகிறேன். கூடப்பிறந்த அண்ணனுக்கு இது மரியாதைக் குறைவு என்று தோன்றினால், சரியாகத்தான் தோன்றுகிறது.

நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பயப்படாதே, விழுந்து அடிபடவில்லை, நானே வந்து சேர்ந்தேன். மண்டையில் சின்னச் சின்னத் துளை போட்டு மூளைக்குள் மெல்லிய கம்பிகளை இறக்கியிருக்கிறார்கள். தலை முழுக்கக் கட்டு. கட்டிலிருந்து ஒரு கொத்து ஒயர் கிளம்பிச் சுவரோரம் இருக்கும் மெஷினுக்குப் போகிறது. மாத்திரையையும் குறைத்துவிட்டார்கள். வலிப்பு வரவேண்டுமாம். வரும்போது மூளையில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று கம்பிகள் காட்டிக்கொடுக்கும். இடம் பிடிபட்டால் அதை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம், அதற்குப் பிறகு வலிப்பே வராமல் போகலாம். என் பத்து வயதிலிருந்து நம் வீட்டில் எல்லோரும் வரக்கூடாது வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒன்று எப்போது வரும் என்று, இங்கே ஆறாவது மாடியே காத்துக்கொண்டிருக்கிறது.

அதுவரைக்கும் சும்மா படுத்திருப்பானேன் என்று ஓர் ஆராய்ச்சிக்குச் சம்மதித்திருக்கிறேன். டாக்டர் சுவேதா என்று ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், மூச்சு விடாமல் பேசுவாள். கம்பியின் நுனியில் தலைமுடியைவிட மெல்லிய இழைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒற்றை ஒற்றைச் செல் பேசுவதை ஸ்பீக்கரில் கேட்கலாம். அடுப்பில் பொரி பொரிகிற மாதிரி டப் டப் என்று ஒரு சத்தம். என் முன்னால் திரையில் படங்களை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள்: நடிகர், தலைவர், கோயில், நாய், நாற்காலி. எந்தச் செல் எதைப் பார்த்து எகிறுகிறது என்று கணக்கெடுப்பார்கள். சில செல் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும்தான் எகிறுமாம். அந்த ஆளைப் பக்கவாட்டில் காட்டினாலும், கூலிங்கிளாஸ் போட்டுக் காட்டினாலும் விடாதாம்.

நடிகர்கள் யாரும் என் செல்களை அசைக்கவில்லை. நன்றாகத் தெரிந்தவர்கள் முகம் வேண்டும் என்று சுவேதா கேட்கிறாள். நம் படங்கள் எல்லாம் உன் பீரோவில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டு ஆட்கள், குவார்ட்டர்ஸ் ஆட்கள் என்று கொஞ்சம் எடுத்து அனுப்பு. போனில் அனுப்ப வழியில்லை. ஒயர் இருக்கும்வரை என் பக்கத்தில் போன் கூடாது, அதுவும் தவிர உன் நம்பரை நான் பிளாக் செய்திருக்கிறேன். ரேஷ்மா சிஸ்டர் ஆவடியிலிருந்துதான் வேலைக்கு வருகிறார். கடிதத்தை அவரே கொண்டுவந்து போடுவார், பதிலையும் அவரிடமே கொடு.

இதனால் பழையது போய்விட்டது என்று நினைக்காதே. நான் வலிப்பு வந்து சுருண்டு கிடந்த நாளில், அம்பத்தூர் எஸ்டேட்டில் என் கம்பெனிக்குப் போய், என் பெயரில் ராஜினாமா எழுதி, நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாய். கேட்டதற்கு, "ஒன் நல்லதுக்குத்தான்" என்றாய். எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. இப்போது காட்டுப்பாக்கத்தில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். ஒருமுறை வந்த பேஷண்டை மறுமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். என் முகராசி என்று டாக்டர் சொல்கிறார், எனக்கு முகம் மறக்காத ராசி என்று நான் சொல்கிறேன்.

படங்கள் போதும். நீ வரவேண்டாம்.

மதிவதனி

~

ஆவடி
5.7.2024

அனுப்புநர்: அ. கிருபாகரன், தர ஆய்வாளர்.
பொருள்: புகைப்படங்கள் அனுப்புதல் – தொடர்பாக.
பார்வை: தங்களின் 3.7.2024 நாளிட்ட கடிதம்.

மதிவதனிக்கு,

பார்வையில் கண்ட கடிதம் கிடைத்தது. மண்டையில் துளை போட்ட பிறகு அண்ணனுக்குத் தகவல் சொல்வது எந்த ஊர் வழக்கம் என்று தெரியவில்லை. துணைக்கு யார் இருக்கிறார்கள் என்றும் கடிதத்தில் குறிப்பிடப்படவில்லை.

கேட்டபடி படங்கள் இணைத்திருக்கிறேன். உன் அண்ணி சுதா, நான், பெரியப்பா, பால்காரர் கன்னியப்பன், பக்கத்து பிளாக் யூசுப் குடும்பம், கேன்டீன் ஏகாம்பரம், இன்னும் சிலர். நம் பழைய பச்சை ஸ்கூட்டரும் இருக்கிறது. அது ஆள் இல்லை என்றாலும் உனக்குத் தெரிந்ததுதானே என்று வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் வேறு யார் வீட்டுப் படமாவது இதில் கலந்துவிட்டால் யார் பொறுப்பு? அதனால் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக வெள்ளைத்தாளில் ஒட்டி, பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் வருகிற மாதிரி என் முழுக் கையெழுத்தைப் போட்டு, கீழே 'உண்மை நகல்' என்று எழுதியிருக்கிறேன். இருபது வருடமாக இந்தக் கை போட்ட கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டு கூடத் தொழிற்சாலையை விட்டு வெளியே போனதில்லை. சுதாதான் கத்தினாள். "அவ மண்டைல ஓட்டை போட்டுகினு தனியா படுத்துகினு கீறா, நீ இன்னாடான்னா என் மூஞ்சில கிறுக்கிகினு கீறே" என்றாள். முறை என்று ஒன்று இருக்கிறது, அது அவளுக்குப் புரியாது.

ராஜினாமா விஷயத்தில் நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தக் கம்பெனியில் நீ மாடிப்படி ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒருநாள் படியிலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தவன் நான் ஒருவன்தான்.

சாப்பாடு எப்படி இருக்கிறது? சுதா ரசம் அனுப்பலாமா என்று கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
அ. கிருபாகரன்

~

நரம்பியல் வார்டு
8.7.2024

அண்ணா,

முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அண்ணியின் கன்னத்தில் 'கிரு', தாளில் 'பாகரன்'. கன்னியப்பன் மீசைக்கு மேல் இன்னொரு மீசை. ஸ்கூட்டருக்கு எதற்கடா கையெழுத்து? அதற்குக் கீழேயும் 'உண்மை நகல்'! படங்களைப் பார்த்து ரேஷ்மா சிஸ்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைப் பெரியவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

சுவேதாவுக்குப் பொறுமை இல்லை. கையெழுத்தோடேயே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். சனிக்கிழமை காலை திரையில் ஓட விட்டார்கள். நடுவில் நடிகர்களையும் நாய்களையும் கலந்து விட்டார்கள். நடிகர் வந்தார், ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. அண்ணி வந்தாள், டபடபடப என்று பொரிந்தது. நாய்க்கு ஒன்றும் இல்லை. பெரியப்பாவுக்குப் பொரிந்தது. கன்னியப்பனுக்கு, யூசுப் குடும்பத்துக்கு, ஏகாம்பரத்துக்கு, உனக்கு, ஸ்கூட்டருக்கு, எல்லாவற்றுக்கும் பொரிந்தது. அத்தனையும் ஒரே செல். வலது பக்கம் காதுக்கு உட்புறமாக இறங்கிய கம்பியில் இருக்கிறதாம்.

சுவேதா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "மதி, இது உங்க வீட்டு ஆளுங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே செல்! சொந்த பந்தம்னா மட்டும் பேசுது! இது வரைக்கும் யாரும் பார்த்தது இல்ல!" என்றாள். பெரிய டாக்டரைக் கூப்பிட்டு வரச் சொன்னாள். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்படி எல்லாவற்றுக்கும் கத்துகிற செல்லை நம்பக்கூடாது, ஒதுக்கிவிடு என்றார். இரண்டு பேரும் என் தலைக்கு மேலே நின்று வாதம் செய்தார்கள்.

எனக்கு ஏதோ இடித்தது. பால்காரர் எப்படிச் சொந்த பந்தம் ஆவார்? கன்னியப்பன் எனக்குத் தண்ணீர் கலந்த பால் ஊற்றியவர், அவ்வளவுதான். அவரையும் பெரியப்பாவையும் ஒன்றாக நினைக்கிற அளவுக்கு என் மூளை கெட்டுப்போகவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னேன். இந்தத் தடவை முகத்தை விட்டுவிட்டு, எல்லாப் படத்திலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பார்த்ததும் கத்திவிட்டேன். "டாக்டர், இவனோட கையெழுத்து! எல்லார் மூஞ்சிலயும் இவன் கீறான்!"

சுவேதா படங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் கம்ப்யூட்டரில் எல்லாப் படத்திலும் கையெழுத்தை மட்டும் அழித்துவிட்டு வந்தாள். ஓட விட்டார்கள். அண்ணிக்குச் சத்தம் இல்லை. பெரியப்பாவுக்கு இல்லை. கன்னியப்பனுக்கு இல்லை. உன் மூஞ்சி வந்தது, டபடபடப! அழித்தெடுத்த கையெழுத்தை மட்டும் தனியாகக் காட்டினார்கள், அதற்கும் டபடபடப. வெறும் அச்சில் 'கிருபாகரன்' என்று டைப் அடித்துக் காட்டினார்கள். அதற்கும்! ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆயுத பூஜையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறதே, மூக்கு மட்டும் தெரியுமே, அதற்கும்! பச்சை ஸ்கூட்டருக்கு மட்டும் கையெழுத்தை அழித்த பிறகும் கொஞ்சம் பொரிந்தது. நீ என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டிய வண்டி, உன்னோடு ஒட்டிக்கொண்டு விட்டது என்று சுவேதா சொல்கிறாள்.

பெரிய டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். தலையில் கட்டோடு நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரண்டு டாக்டர்கள் தப்பாக எழுத இருந்ததை மடக்கிப் பிடித்தது நான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

சந்தோஷம் எல்லாம் தீர்ந்த பிறகுதான் வயிறு எரிந்தது. இந்த உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள். என் தலைக்குள் கம்பி இறக்கி முதன்முதலாகப் பிடித்த ஆள் நீயா? மூன்று வருடமாக உன் முகத்தில் முழிக்கவில்லை, நீ உள்ளே உட்கார்ந்து டபடப என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

ரசம் அனுப்பச் சொல்.

மதி

~

ஆவடி
9.7.2024

பொருள்: மூளையில் இடம் பெற்றமை – மகிழ்ச்சி தெரிவித்தல்.

மதிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு சுதாவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்டு போய், கேன்டீனில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கேட்டில் போனைத்தான் வாங்கி வைத்துக்கொள்வார்கள், கடிதத்துக்குத் தடையில்லை.

ஏகாம்பரம் கேட்டுவிட்டு, "இன்னா மாமே, நமக்கு குவார்ட்டர்ஸ் அலாட் ஆக பதினோரு வருசம் ஆச்சி. நீ தங்கச்சி மண்டைக்குள்ளயே ஒரு ஊடு புட்ச்சிட்டியே!" என்றான். கேன்டீனே சிரித்தது. அவனுடைய படத்துக்கும் முதலில் பொரிந்ததே, அது தனக்காக இல்லையா என்று மூன்று தடவை கேட்டான். இல்லை, அதுவும் என் கையெழுத்துக்குத்தான் என்று தெளிவாகச் சொன்னேன். முகம் வாடிப் போனான்.

நான் கையெழுத்துப் போட்டதை எல்லோரும் கேலி செய்தீர்கள். அது இல்லாவிட்டால் அந்தச் செல்லுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று டாக்டர்களுக்குத் தெரிந்திருக்குமா? இதையும் ஆராய்ச்சியில் குறிப்பிடச் சொல்.

இன்னொன்று. மூன்று வருடமாகத் தீபாவளிக்குப் புடவை எடுத்து வைத்துவிட்டு, அதைக் கொடுக்க முடியாமல் இருக்கிறேன். நீ என்னை அடியோடு மறந்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன். நேற்று அந்த டபடப என்ற எழுத்துகளைப் படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சுதா பார்த்துவிட்டாள், உன்னிடம் சொல்வாள், அதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன்.

ரசம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. மிளகு கொஞ்சம் அதிகம்.

அண்ணன்

~

நரம்பியல் வார்டு
13.7.2024

அண்ணா,

வந்துவிட்டது. வியாழன் ஒரு தடவை, நேற்று ஒரு தடவை. கண் விழித்தபோது நாக்கைக் கடித்திருந்தேன், உடம்பெல்லாம் வலி. ஆனால் ரேஷ்மா சிஸ்டர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "கெடச்சிடுச்சு மதி, எடம் கெடச்சிடுச்சு" என்றார். வலிப்பு வந்ததற்காக என்னைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

இரண்டு தடவையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. வெட்டி எடுக்கக்கூடிய இடம். பேச்சுக்கும் கைகாலுக்கும் ஆபத்து இல்லை. என் மாதிரி ஆட்களில் பாதிக்கு மேல் வலிப்பே இல்லாமல் ஆகிவிடுகிறார்கள் என்று பெரிய டாக்டர் சொன்னார்.

இப்போது சொல்லப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. அந்த இடம் வலது பக்கம், காதுக்கு உட்புறம். உன் செல்லைப் பிடித்த அதே கம்பி. எடுக்கப்போகிற துண்டில் அந்தச் செல்லும் போகும். அந்தப் பக்கத்தில் எடுத்தால் சிலருக்கு, தெரிந்த முகமே தெரியாத முகமாகிவிடுவதுண்டு என்றும் பெரிய டாக்டர் சொன்னார். எல்லோருக்கும் அப்படி ஆகாது, ஆனாலும் ஆகாது என்று எழுதிக்கொடுக்க மாட்டேன் என்றார்.

நான் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டேன். ஒப்புதல் தாளில் சட்டப்படி என் கையெழுத்தே போதும். கீழே சொந்தக்காரரோ துணைக்கு இருப்பவரோ ஒருவரும் போடுவது இங்கே வழக்கம். ஹேமாவதி போடுவாள், என்னோடு ஒரே வீட்டில் இருப்பவள், இப்போது துணைக்கு இருப்பவளும் அவள்தான். ஆனால் நீ போட்டால் எனக்குச் சந்தோஷம். இந்தத் தடவை என்னைக் கேட்காமல் போடவேண்டாம், நானே கேட்கிறேன். தாளை இணைத்திருக்கிறேன்.

மதி

~

ஆவடி
15.7.2024

பொருள்: ஒப்புதல் படிவம் – திருப்பி அனுப்புதல்.

மதிக்கு,

படிவத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இடப்படவில்லை.

வலிப்போடு இருபத்து நாலு வருடம் ஓட்டிவிட்டோம். உனக்கு வரும்போது பக்கவாட்டில் எப்படிப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்கக்கூடாது, எல்லாம் எனக்குத் தெரியும். திரும்ப ஆவடிக்கே வந்துவிடு. வேலைக்கும் போ, நான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறேன். எவ்வளவு தூரம் என்றாலும் சரி.

அந்தத் துண்டை எடுக்கவேண்டாம். நீ என்னைத் திட்டினாய், பிளாக் செய்தாய், அதெல்லாம் சரி. திட்டுவதற்காவது நான் யார் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்து நான் பக்கத்தில் வந்து நின்று, நீ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாருங்க நீங்க?" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? அம்மா அப்பா போனபிறகு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். எனக்குப் பயமாக இருக்கிறது மதி. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கிருபா

~

நரம்பியல் வார்டு
16.7.2024

அண்ணா,

ராஜினாமாவுக்கு ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டாய். ஸ்கூட்டருக்குப் போட்டாய். கன்னியப்பன் மீசைக்குப் போட்டாய். என் வாழ்க்கையில் நானாகக் கேட்ட ஒரே ஒரு கையெழுத்து, அதற்கு உனக்குப் பேனா கிடைக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கிழித்துப் போட நினைத்தேன். கடைசிப் பத்தியினால் கிழிக்கவில்லை.

நீ பயப்படுவதற்கு முன்னாலேயே நான் பயந்துவிட்டேன். முகத்தை வைத்துப் பிழைக்கிறவள் நான். சுவேதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்: அண்ணனுக்கு என்று இருக்கிற செல் அது ஒன்றுதானா, அது போனால் அண்ணன் போய்விடுவானா? அவள் சொன்னதை உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். காலையில் வேலைக்குப் போகிற நேரம், பாடி மேம்பாலத்துக்குக் கீழே போய் நில். அத்தனை கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்ட நாலு பேர் சட்டையைப் பிடி. அதில் ஒருவர் திருவேற்காட்டுக்காரராக இருந்தால் என்ன அர்த்தம்? சென்னையிலேயே ஒரே ஒரு திருவேற்காட்டுக்காரர் இருந்து, அவர் சரியாக உன் கையில் வந்து மாட்டினார் என்றா? அங்கே திருவேற்காட்டு ஆட்கள் ஏகப்பட்ட பேர் நடமாடுகிறார்கள் என்றுதானே? என் தலையில் இருக்கிற கோடிக்கணக்கான செல்லில் அவர்கள் காது கொடுத்துக் கேட்டது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியிலேயே நீ இருந்தாய். அப்படியானால் உள்ளே இன்னும் எத்தனை இடத்தில் இருப்பாய் என்று யோசி. இடது பக்கத்திலும் இருப்பாய். ஒரு துண்டை எடுத்து உன்னை அவ்வளவு சுலபமாக வெளியே தள்ள முடியாது. மூன்று வருடம் நானே முயற்சி செய்து பார்த்தேன்.

உத்தரவாதம் இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் செய்துகொள்கிறேன், ஏன் என்று கேள். இத்தனை வயதுக்கு நான் ஒருநாள் கூடக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக் குளித்ததில்லை. கதவுக்கு வெளியே யாராவது, "மதி, இன்னா சத்தத்தையே காணோம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதலில் அம்மா, பிறகு நீ, இப்போது ஹேமாவதி. பூந்தமல்லியில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் போன் பண்ணாமல் எங்கேயாவது போய் இறங்க ஆசை. நீ கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதை நான் கேட்கவில்லை. தனியாகப் போவதைக் கேட்கிறேன்.

தாளைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன். இதற்கு மேல் கேட்கமாட்டேன்.

மதி

~

ஆவடி
17.7.2024

மதிம்மா,

போட்டுவிட்டேன். இந்தக் கையெழுத்தில் மட்டும் 'பா' கொஞ்சம் கோணலாக இருக்கும். ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொள்ளாவிட்டால் சொல், வேறு போட்டுத் தருகிறேன்.

இன்று காலை வேண்டுமென்றே பாடி வழியாகப் போனேன். பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் சட்டையையும் பிடிக்கவில்லை. நீ சொன்னது சரியாக இருக்கும் என்றுதான் பட்டது.

அண்ணன்

~

ஆவடி
24.8.2024

மதிம்மா,

ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது, நான் ஏன் வரவில்லை என்று நீ சுதாவிடம் கேட்டாயாம். வேலை அதிகம் என்று சொல்லச் சொன்னேன். அது பொய்.

நான் வந்தேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள் சாயங்காலம். பச்சை அங்கி, தொப்பி, மாஸ்க் எல்லாம் மாட்டிவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். உன் கட்டிலின் கால் பக்கம் நின்றேன். நீ கண் திறந்தாய். என்னை நேராகப் பார்த்தாய். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். பக்கத்தில் வந்து கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. இறங்கி வந்து, பூந்தமல்லி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன்.

வலிப்பு ஒன்றும் வரவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று சுதா சொல்கிறாள். அது போதும். உனக்கு என் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீ நன்றாக இரு. சும்மா எழுதவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நேரில் வந்து அதை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது.

கிருபா

~

காட்டுப்பாக்கம்
26.9.2024

அறிவுகெட்ட அண்ணனுக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் போடாமல் இருந்தது வேண்டுமென்றேதான். இதற்குப் பதிலைத் தாளில் எழுதினால் நீ நம்பமாட்டாய், செய்து காட்டிவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

அன்று எனக்கு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கால் பக்கம் பச்சை அங்கியும் தொப்பியும் மாஸ்கும் போட்டுக்கொண்டு யாரோ ஒருவர், இல்லை இரண்டு பேர், கம்பம் மாதிரி நின்றார்கள். ஊசி போட வந்த ஆள் என்று பயந்துதான் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு "மதி" சொல்லியிருக்கக் கூடாதா? மூடி வைத்த பார்சலைப் பார்த்து உள்ளே யார் என்று சொல்ல, என் செல் என்ன ஜோசியமா பார்க்கிறது?

சுவேதா மறுபடி எல்லாப் படத்தையும் காட்டினாள். கம்பி இல்லை, ஸ்பீக்கர் இல்லை, நான்தான் வாயால் சொல்லவேண்டும். அண்ணி, பெரியப்பா, கன்னியப்பன், எல்லோரையும் சொன்னேன். ஒரே ஒரு நடிகர் பெயர் வரவில்லை, அது சுவேதாவுக்கும் வரவில்லை. உன் படத்தை மட்டும் காட்டாதே என்று சொல்லிவிட்டேன். அதை நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவளிடம் சிரித்துக்கொண்டு சொன்னாலும் உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். உன் கடிதம் தலையணைக்கு அடியில் இருந்தது.

வலிப்பு இதுவரை வரவில்லை. ஒரு வருடம் போகட்டும், மாத்திரையை நிறுத்தக்கூடாது என்கிறார் பெரிய டாக்டர். பஸ்ஸில் தனியாகப் போகலாமா என்று கேட்டேன். போ, ஓட்டாமல் இருந்தால் சரி என்றார். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளிக்கிறேன். முதல் நாள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை, ஹேமாவதி தண்ணீர் வரியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

இன்று மத்தியானம் அரை நாள் லீவு போட்டேன். பூந்தமல்லி போய், ஆவடி பஸ் பிடித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் போன் செய்யாமல் வந்தேன். ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு உன் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே நின்றேன். சங்கு ஊதியது. கேட்டைத் திறந்தார்கள். நூற்றுக்கணக்கான பேர், அத்தனை பேருக்கும் ஒரே நீலச் சட்டை, பாதிப் பேருக்கு ஹெல்மெட். கேட்டில் நின்றிருந்த சமயம் என் நெஞ்சு அடித்துக்கொண்டதை ஸ்பீக்கரில் போட்டிருந்தால் ஆவடி முழுக்கக் கேட்டிருக்கும். முதலில் ஏகாம்பரம் தெரிந்தான், முன் மண்டை காலி. பின்னால் யூசுப் அண்ணன். அவருக்கும் பின்னால், கூட்டத்தின் நடுவே, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை ஆட்டி ஆட்டி யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நீ. அடையாளம் தேடவே இல்லை. பார்த்த உடனே நீதான். அவ்வளவு தூரத்திலிருந்து, அத்தனை நீலச் சட்டைக்கு நடுவில், ஒரு நொடிகூட ஆகவில்லை. எனக்கு அங்கேயே கை தட்டவேண்டும் போல இருந்தது. நின்ற இடத்திலேயே அழுதேன், சிரித்தேன். பூ விற்கிற அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இப்போதுதான் முக்கியமான இடம். நீ வண்டியை எடுத்தாய். நேராக என்னை நோக்கி வந்தாய். நான் கையைத் தூக்கினேன். ஆபரேஷனுக்கு மழித்த முடி விரற்கடை அளவுக்குத்தான் வளர்ந்திருக்கிறது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கூடத் திருப்பதி போய் வந்தீர்களா என்று கேட்டார். உடம்பும் இளைத்திருக்கிறேன். இருந்தாலும் ஒரு கை தூரம் அண்ணா! என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாய். ஹார்ன் அடித்தாய். "இன்னாமா, நட்டநடு ரோட்ல நின்னுகினு கீறே? ஓரமா போம்மா!" என்று திட்டிவிட்டுப் போய்விட்டாய்.

கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பில் சத்தமே வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

மூளையில் துண்டு எடுத்தது எனக்கு. உனக்கு முழுசாக இருக்கிறது, ஒரு செல் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறேன், தனியாக. வாசலில் குட்டை முடியோடு ஒருத்தி வந்து நிற்பாள். தயவுசெய்து யாரம்மா நீ என்று கேட்டுவிடாதே, நான்தான்.

மதி